நல்லாத்தான் ஓட்டுறேன்னு நினைச்ச மாசங்கள்

தம்பி பக்கத்து சீட்ல உக்காந்திருந்தான், நான் ஓட்டிட்டு இருந்தேன். பதட்டத்துக்குக் கொடுத்த க்ளோனாசெபாம்ங்கிற மாத்திரையை ஆரம்பிச்சு ஒன்பதாவது நாள் அது, காலைல அரை மில்லிகிராம் போட்டுட்டுதான் கிளம்பியிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் "அக்கா, வண்டி இடது பக்கமா இழுத்துட்டுப் போகுது பாரு"ன்னான். வீல் அலைன்மெண்ட் போயிருக்கும்டா, சர்வீஸ் விடணும்னு சொன்னேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு "இப்ப வலது பக்கம் போகுது"ன்னான். அலைன்மெண்ட் போன வண்டி ஒரு பக்கம்தான் இழுக்கும்னு எனக்கும் தெரியும், ஆனா அந்த நேரத்துல அது மண்டைல ஏறவே இல்ல. கோடு கிட்ட போறது, லேசா திருப்பி நடுவுக்குக் கொண்டு வர்றது, மறுபடி அந்தப் பக்கக் கோடு கிட்ட போறதுன்னு இருபது நிமிஷம் அப்படியே ஓட்டியிருக்கேன். அவன் சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. எனக்குள்ள எல்லாமே அவ்வளவு அமைதியா இருந்துச்சு.

அந்த அமைதியைப் பத்திதான் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன். மாத்திரைக்கு முன்னாடி நான் எப்படி ஓட்டுவேன்னு சொன்னாத்தான் புரியும். சிக்னல்ல நிக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்கும், பின்னாடி லாரி வந்தா உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கும், பாலத்து மேல ஏறும்போது இங்க நிறுத்த முடியாதே, இறங்க முடியாதேன்னு மூச்சு முட்டும். ஏழெட்டு மாசம் அப்படி ஓட்டினதுக்கு அப்புறம்தான் டாக்டர்கிட்ட போனேன். பதட்டத்தை மெதுவாக் குறைக்கிற எஸ்சிட்டலோப்ராம் தினமும், அது வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் காலையும் ராத்திரியும் க்ளோனாசெபாம் அரை மி.கி.ன்னு எழுதிக் கொடுத்தாங்க. மூணாவது நாள்லயே படபடப்பு போச்சு. லாரி வந்தா வரட்டும், பாலம்னா பாலம். இத்தனை வருஷத்துல இவ்வளவு நிதானமா ஓட்டினதே இல்லன்னு வீட்ல சந்தோஷமா சொன்னேன். வண்டி ஓட்டுவீங்களான்னு அன்னைக்கு என்கிட்ட யாரும் கேக்கல, நானும் சொல்லணும்னு நினைக்கல. மாத்திரை அட்டையோட பின்பக்கம் பொடி எழுத்துல இருந்த எச்சரிக்கையை நான் படிச்சதே ரொம்ப நாள் கழிச்சுதான்.

இந்த மாத்திரை என்ன பண்ணுதுன்னு எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். மூளைக்குள்ள காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு, நரம்புகளோட வேகத்தைக் குறைக்கிறது அதோட வேலை, மூளையோட பிரேக்னு வெச்சுக்கலாம். அல்ப்ரஸோலாம், லோராஸெபாம், டயாஸெபாம், க்ளோனாசெபாம் எல்லாம் பென்சோடயாஸெபைன்ங்கிற ஒரே குடும்பம், எல்லாமே அந்த காபா உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல உக்காந்து பிரேக்கை இன்னும் அழுத்தமா பிடிக்க வெக்கும். பயம் குறையுறது அதனாலதான். ஆனா பிரேக் பயத்துக்கு மட்டும்னு தனியா இல்லையே. கண்ணு கண்ணாடில இருந்து ரோட்டுக்குத் தாவுற வேகமும் குறையும், கால் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து பிரேக்குக்கு மாறுற வேகமும் குறையும், ரெண்டு மூணு விஷயத்தை ஒரே நேரத்துல கவனிக்கிற திறமையும் குறையும். முக்கியமா, ஏதோ தப்பா இருக்குன்னு உள்ள அடிக்கிற மணியும் மெதுவாயிடும். அந்த மணி அளவுக்கு மீறி அடிச்சதுதான் என் வியாதி, ஆனா வண்டி கோட்டைத் தொடும்போது அடிக்க வேண்டியதும் அதே மணிதான்.

அரை செகண்ட் தாமதம்னா கேக்கும்போது ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர்ல போற வண்டி ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல போகுது, அப்ப அரை செகண்டுக்கு 8 மீட்டர், அதாவது ரெண்டு கார் நீளம். ஒரு நாள் முன்னாடி போன வண்டியோட சிவப்பு லைட் எரிஞ்சதை நான் பாத்தேன், நல்லா ஞாபகம் இருக்கு, பாத்துட்டு "ஓ, பிரேக் போடுறான்"னு மனசுக்குள்ள ஒரு முழு வாக்கியம் ஓடி முடிஞ்சதுக்கு அப்புறம்தான் கால் நகர்ந்துச்சு. முட்டல. ஒரு கை இடைவெளில நின்னுச்சு. அப்பக்கூட நெஞ்சு அடிக்கல, அதை நினைச்சாத்தான் இப்ப பயமா இருக்கு.

நெதர்லாந்துல இதை நிஜ ரோட்லயே வெச்சு அளந்திருக்காங்க, அந்த முறை 1980கள்ல இருந்தே இருக்கு. மாத்திரை போட்டவங்களை மத்த வண்டிகள் ஓடிட்டு இருக்கிற நெடுஞ்சாலைலயே கிட்டத்தட்ட 100 கி.மீ. ஓட்டச் சொல்லுவாங்க, வேகம் 95 கி.மீ., பக்கத்துல ரெட்டை கன்ட்ரோலோட ஒரு டிரைவிங் இன்ஸ்ட்ரக்டர் உக்காந்திருப்பார். வண்டில இருக்கிற கேமரா ரோட்டுக் கோட்டுக்கும் வண்டிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை விடாம பதிவு பண்ணிட்டே இருக்கும், கடைசில வண்டி எவ்வளவு அலைஞ்சுதுன்னு சென்டிமீட்டர்ல கணக்கு வரும். என் தம்பி பக்கத்துல உக்காந்து கண்ணால பாத்ததை அவங்க கருவி வெச்சு அளந்திருக்காங்க, அவ்வளவுதான். ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருந்தா அந்த அலைச்சல் சராசரியா 2.4 செ.மீ. கூடுது, பல நாடுகள்ல சட்டம் போட்டிருக்கிற எல்லை அதுதான். பழக்கமே இல்லாத ஒருத்தர் அல்ப்ரஸோலாம் 1 மி.கி. ஒரே ஒரு தடவை போட்டுட்டு ஓட்டினா அதை எல்லாம் தாண்டி எங்கயோ போகுதுன்னு 2002ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. குடிச்சுட்டு வண்டி ஓட்டுறவனைப் பாத்தா எனக்குக் கோவம் வரும், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். இதைப் படிச்ச அன்னைக்கு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துட்டு இருந்தேன்.

பழகினா சரியாயிடும்னு நிறைய பேர் சொல்லுவாங்க, அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. தூக்கக் கலக்கம் மொத ஒண்ணு ரெண்டு வாரத்துல நல்லாவே குறையும். ஆனா கலக்கம் போனதை வெச்சு மத்த எல்லாமும் சரியாயிடுச்சுன்னு நாமளே முடிவு பண்ணிக்கிறோம். கனடால கியூபெக் மாகாணத்துல 67 முதல் 84 வயசு வரைக்கும் உள்ள ஓட்டுநர்களை வெச்சு செஞ்ச ஒரு பெரிய ஆய்வு 1997ல வந்துச்சு. உடம்புல ரொம்ப நேரம் தங்குற வகை பென்சோடயாஸெபைன் ஆரம்பிச்ச மொத வாரத்துல, ஆள் காயப்படுற அளவுக்கு விபத்து நடக்கிற வாய்ப்பு 45 சதவீதம் கூட இருந்துச்சு. தொடர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் எடுத்தவங்களுக்கு அது 26 சதவீதம். குறைஞ்சிருக்கு, ஆனா இல்லாம போகல. சீக்கிரம் வெளியேறுற வகைக்கு அந்த ஆய்வுல அப்படிக் கூடுதல் ஆபத்து தெரியல.

அந்தத் தங்குற நேரம்தான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். ராத்திரி போட்ட மாத்திரை காலைல போயிருக்கும்னு ஒரு நினைப்பு. அல்ப்ரஸோலாம் பாதியாக் குறையவே சுமாரா 11 மணி நேரம் ஆகும், க்ளோனாசெபாமுக்கு 30, 40 மணி நேரம். டயாஸெபாம் உடைஞ்சு வர்ற பொருளும் மருந்தாவே வேலை செய்யும், அது நாள் கணக்குல உடம்புல இருக்கும். தினமும் போட்டா நேத்தைய மிச்சத்து மேல இன்னைக்கு மாத்திரை சேரும், அதனால மூணாவது நாளை விட ஏழாவது நாள்தான் ரத்தத்துல அதிகம். வயசானவங்களுக்கு ஈரல் வேலை மெதுவாங்கிறதால இது இன்னும் நீளும். எங்கம்மாவுக்கு ஒரு தடவை தூக்கத்துக்குன்னு டயாஸெபாம் எழுதினப்ப, மறுநாள் சாயங்காலம் அம்மா ஸ்கூட்டர் எடுக்கப் போனாங்க, "நேத்து ராத்திரி போட்டதுதானேடி"ன்னாங்க. சாவியை வாங்கி உள்ள வெச்சேன். கோச்சுக்கிட்டாங்க, பரவால்ல.

தூக்க மாத்திரைன்னு தனியா இருக்கிற ஸோல்பிடெம் விஷயத்துல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013ல பெண்களுக்கான டோஸை 10 மி.கி.ல இருந்து 5 ஆக் குறைக்கச் சொன்னது இதே காரணத்துக்காகத்தான். ராத்திரி 10 மி.கி. போட்டு எட்டு மணி நேரம் கழிச்சும், வண்டி ஓட்டுறதைக் கெடுக்கக்கூடிய அளவு மருந்து சுமார் 15 சதவீதப் பெண்களுக்கு ரத்தத்துல இருந்துச்சு, ஆண்கள்ல அது 3 சதவீதம். பதட்டத்துக்குக் கொடுக்கிற ஹைட்ராக்ஸிஸின், சளிக்கு நாமளா வாங்கிப் போடுற பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், இதெல்லாமும் தூக்கம் வர வெக்கும், பென்சோடயாஸெபைனோட சேர்ந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு நிக்காது. ஆல்கஹாலைப் பத்தி சொல்லவே வேண்டாம், ஒரு வாய் கூட கூடாது. சில பூஞ்சை மாத்திரைகள், கீட்டோகோனஸோல் மாதிரி, அல்ப்ரஸோலாமை உடம்பு வெளியேத்த விடாம தடுக்கும், போட்டது அதே மாத்திரைதான் ஆனா ரத்தத்துல இருக்கிறது பல மடங்கு.

எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி தினசரி மாத்திரைகள் வேற ரகம், நிலையா எடுக்கிறவங்களுக்கு ஓட்டுறதுல பெரிய பாதிப்பு பொதுவா வர்றதில்ல. மொத ரெண்டு வாரம் சிலருக்குத் தூக்கம், சிலருக்கு உள்ளுக்குள்ள ஒரு துடிப்பு, அது மட்டும் கவனிக்கணும். ஆனா அதையும் திடீர்னு நிறுத்தினா தலை சுத்தும், கண்ணைத் திருப்பும்போது தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு வெட்டு வரும். இதே மாதிரி தினசரி மாத்திரைகளான பரோக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் நிறுத்தினவங்க இதை அதிகமா சொல்லுவாங்க. கண்ணைத் திருப்பாம எப்படி வண்டி ஓட்டுறது, கண்ணாடி பாக்கணும்னாலே திருப்பித்தானே ஆகணும்.

இனி நிறுத்தின கதை.

ஏழு மாசம் ஆச்சு, நல்லா இருந்தேன், நல்லா இருக்கேன்ல அப்புறம் எதுக்கு இந்த மாத்திரைன்னு ஒரு நாள் க்ளோனாசெபாமை மட்டும் நானாவே விட்டுட்டேன். மொத நாள் ஒண்ணும் இல்ல. ரெண்டாவது நாளும் ஒண்ணும் இல்ல, பாத்தியா தேவையே இல்லன்னு எனக்கு ஒரே தெம்பு. மெதுவா வெளியேறுற மருந்துங்கிறதால உடம்புல இன்னும் அது இருந்துட்டு இருந்துச்சு, அதான் தெம்பா இருந்தேன்னு அப்ப தெரியல. மூணாவது நாள் ராத்திரி தூக்கம் வரல. நாலாவது நாள் கை நடுக்கம். அஞ்சாவது நாள் சாயங்காலம் இருட்டினதுக்கு அப்புறம் வேலை முடிச்சு வண்டி எடுத்தேன்.

பாலத்து மேல ஏறினதும் எதிர்ல வர்ற ஹெட்லைட் ஒவ்வொண்ணும் கண்ணுக்குள்ள குத்துற மாதிரி இருந்துச்சு, வழக்கமா பாக்கிற அதே லைட்டுதான், ஆனா அதைச் சுத்தி பெரிய வட்டம் வட்டமா வெளிச்சம். இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிக்கிற சத்தம் சுத்தியால தட்டுற மாதிரி கேட்டுச்சு. பின்னாடி ஒருத்தன் ஹார்ன் அடிச்சான், உடம்பே தூக்கிப் போட்டுச்சு, கை தானா ஸ்டியரிங்கை வெட்டிடுச்சு, டிவைடர் பக்கமா ஒரு இழுப்பு இழுத்து நேராக்கினேன். அப்புறம் வந்ததுதான் ரொம்ப மோசம். ரோடு தட்டையாயிடுச்சு. திரையில படம் ஓடுற மாதிரி, முன்னாடி போற வண்டி பத்து மீட்டர்ல இருக்கா அம்பது மீட்டர்ல இருக்கான்னு சொல்ல முடியல. ஸ்டியரிங் மேல இருந்த கை என்னோடதுன்னே தோணல. பாலம் இறங்கி ஓரமா நிறுத்தி நாலு லைட்டையும் போட்டுட்டு தம்பிக்கு போன் பண்ணேன். "எங்க இருக்கே? வண்டிய ஆஃப் பண்ணிட்டியா? மொதல்ல சாவியைக் கழட்டி பின் சீட்ல போடு, நான் வர்றேன்"னான். ஏன் பின் சீட்னு கேக்கல, போட்டேன்.

பிரேக் மேல ஏழு மாசமா ஒரு கால் அழுத்தி வெச்சிருந்தா, மூளை வண்டியை ஓட வெக்கிறதுக்காக ஆக்ஸிலரேட்டரைக் கூட மிதிக்கப் பழகிடும். திடீர்னு பிரேக்ல இருந்து காலை எடுத்தா என்ன ஆகும்? அதான் நடந்துச்சு. வெளிச்சமும் சத்தமும் தாங்காம போறது, நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை, எல்லாம் நிஜமில்லாத மாதிரி தோணுறது, மொதல்ல இருந்ததை விட மோசமா பதட்டம் திரும்பி வர்றது, இது எல்லாமே இந்த மருந்தை விடும்போது வர்றதுன்னு எழுதப்பட்டிருக்கு. எல்லாத்துக்கும் மேல வலிப்பு வரலாம், முன்ன பின்ன வலிப்பே வராதவங்களுக்கும் வரலாம். ஸ்டியரிங் பிடிச்சிட்டு இருக்கும்போது அது வந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் இன்னைக்கும் முழுசா நினைச்சுப் பாக்கறதில்ல. எஃப்.டி.ஏ. 2020 செப்டம்பர்ல இந்தக் குடும்பத்து மருந்து எல்லாத்துக்கும் கட்டம் போட்ட எச்சரிக்கையை, அதாவது மருந்தோட விவரத் தாள்ல இருக்கிற ரொம்பக் கடுமையான எச்சரிக்கையை, விரிவாக்கினப்ப அடிமையாகிறதையும் திடீர்னு நிறுத்தினா வர்ற ஆபத்தையும் சேர்த்துச்சு. டயாஸெபாம் 1963லயே வந்த மருந்து, அந்த எச்சரிக்கை வர அத்தனை வருஷம் ஆயிருக்கு.

மறுநாள் வேற டாக்டர்கிட்ட போனோம். அவங்க கேட்ட ரெண்டாவது கேள்வியே "நீங்க வண்டி ஓட்டுவீங்களாம்மா?"ங்கிறதுதான். எனக்கு அழுகை வந்துடுச்சு, ஏன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது. பழைய டோஸுக்கே திரும்பப் போகச் சொன்னாங்க, நிலையானதும் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம்னாங்க. இங்கிலாந்துல நியூகாசில்ல ஹெதர் ஆஷ்டன்னு ஒரு பேராசிரியை 1982ல இருந்து 1994 வரைக்கும் இதுக்குன்னே ஒரு கிளினிக் நடத்தி, நோயாளிங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு இந்த மெதுவாக் குறைக்கிற வழியைப் பரப்பினாங்க. அமெரிக்காவுல 2025ல பல மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து கொடுத்த வழிகாட்டுதலும் ரெண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒரு தடவை 5, 10 சதவீதம்னு ஆரம்பிக்கணும், ரெண்டு வாரத்துல 25 சதவீதத்துக்கு மேல குறைக்கக் கூடாதுன்னு சொல்லுது. எவ்வளவு, எப்பன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், என் கணக்கை எடுத்துக்காதீங்க. எனக்கு மூணு வாரத்துக்கு ஒரு தடவை 0.125 மி.கி., அதாவது கால் மி.கி. மாத்திரைல பாதி.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. இங்கிலாந்து, வேல்ஸ்ல 2015 மார்ச் 2ல இருந்து ரத்தத்துல எவ்வளவு மருந்து இருக்கலாம்னே எல்லை போட்டிருக்காங்க, க்ளோனாசெபாமுக்கு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம், டயாஸெபாமுக்கு 550. டாக்டர் சொன்னபடி எடுத்திருந்தா அதைச் சொல்லித் தப்பிக்க வழி உண்டு, ஆனா ஓட்டுறது கெட்டிருந்தா டாக்டர் சீட்டு காப்பாத்தாது. பிரான்ஸ்ல மருந்துப் பெட்டி மேலயே கார் படம் போட்ட முக்கோணம் இருக்கும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு மூணு படி, சிவப்புன்னா ஓட்டாதேன்னு அர்த்தம். இது எல்லா நாட்டுலயும் வரணும். பொடி எழுத்தை யாரும் படிக்கிறதில்ல, நான் படிக்கல, கார் படத்தைக் கண்டிப்பா பாத்திருப்பேன்.

இதையெல்லாம் படிச்சுட்டு யாராவது மாத்திரையைத் தூக்கிப் போட்டா அதைவிட ஆபத்து வேற இல்ல, என் அஞ்சாவது நாளை இவ்வளவு விளக்கமா எழுதினதே அதுக்காகத்தான். மருந்தே எடுக்காம நெஞ்சு அடிக்க, மூச்சு முட்ட ஓட்டின அந்த ஏழெட்டு மாசமும் நான் நல்லா ஓட்டல. மருந்து எனக்குத் தேவைப்பட்டுச்சு. எனக்கு வருத்தம் எல்லாம், ஓட்டலாமா வேண்டாமாங்கிற முடிவை நான் எப்படி உணர்றேன்ங்கிறதை வெச்சே எடுத்துட்டு இருந்தேன்ங்கிறதுதான். மருந்து ஆரம்பிச்சப்ப நல்லா இருக்கேன்னு தோணுச்சு, வண்டி அலைஞ்சுச்சு. நிறுத்தின ரெண்டாவது நாளும் நல்லா இருக்கேன்னுதான் தோணுச்சு. அந்த உணர்வையே மாத்துறதுக்குத்தான் மருந்து, அப்புறம் அதையே சாட்சியா வெச்சா எப்படி?

அதனால இப்ப முடிவு காலண்டர்ல இருக்கு. டோஸ் கூட்டினாலும் குறைச்சாலும் பத்து நாள் ஓட்டறதில்ல. மொதல்ல ரெண்டு நாள்னுதான் வெச்சிருந்தேன், ஆனா க்ளோனாசெபாம் குறைச்சா நாலாவது, அஞ்சாவது நாள்தான் காட்டுதுன்னு மொத குறைப்புலயே தெரிஞ்சுடுச்சு, அப்புறம் பத்தாக்கிட்டேன். ஒரு வேளை மாத்திரை மறந்துட்டா அன்னைக்கும் மறுநாளும் கிடையாது. புதுசா எந்த மாத்திரை சேர்ந்தாலும் கேட்டுட்டுத்தான். பத்து நாள் முடிஞ்சதும் தம்பி பக்கத்துல உக்காந்து ஒரு சுத்து வருவான், கோட்டைப் பாத்துட்டே வருவான், அவன் சரின்னு சொன்னாத்தான். வேலைக்குப் போறது கஷ்டமாத்தான் இருக்கு, ரெண்டு பஸ் மாறணும், சில நாள் லேட்டாகுது, ஆபீஸ்ல ஏன்னு கேட்டப்ப உண்மையைச் சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம் ஒருத்தங்க தனியா வந்து "நானும் அல்ப்ரஸோலாம் எடுக்கிறேன், தினமும் வண்டிலதான் வர்றேன்"னு சொன்னாங்க. அவங்களும் நானும் அன்னைக்கு மத்தியானம் முழுக்கப் பேசிட்டு இருந்தோம்.

மூணு தடவை குறைச்சாச்சு, இப்ப ஒரு நாளைக்கு 0.625 மி.கி.ல நிக்கிறேன். நாலாவது குறைப்பு வர்ற சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரியே சாவி தம்பிகிட்ட போயிடும்.